ஒரு குறையும் இல்லாத பிரவுனி

பழத்தை எதனால் மசிப்பது என்று குறிப்பில் இல்லை. நன்றாகப் பழுத்த பழம் மூன்று, கட்டியில்லாமல் மசிக்கவும், அவ்வளவுதான் எழுதியிருக்கிறாள். கரண்டியாலா, மத்தாலா, கையாலா? எந்தப் பழம் என்றும் இல்லை. பெங்களூரில் கிடைத்த ஏதோ ஒரு பழத்தைப் போட்டிருப்பாள். நான் கோழிக்கூடு வாழைப்பழம் வாங்கி வைத்து நான்கு நாளாகிறது, தோல் கறுத்து அடுக்களை முழுக்க அதன் வாடைதான். கோழியே ஆகாதுங்கிற வீட்டுல கோழிக்கூடு பழம் மட்டும் ஆகுமாம்மா என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பாள் மங்கை. பழக்காரன் வைத்த பெயருக்கு நான் என்ன செய்வேன், போடி, என்பேன். கையாலேயே மசிக்கிறேன். விரல் இடுக்கில் வழுக்கிக்கொண்டு போகிறது. அவளுக்கு ஆறு மாதத்தில் முதன்முதலாகக் கொடுத்ததும் இந்தப் பழம்தான், இப்படித்தான் விரலால் நசுக்கிக் கொடுத்தேன், துப்பினாள், மறுபடி வழித்து வைத்தேன், மறுபடி துப்பினாள். மணி எட்டேகால். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் வந்துவிடும், அதற்குள் இலை போட்டாக வேண்டும் என்று மதினி, இவருடைய அக்கா, விடிந்ததிலிருந்து மூன்று தடவை சொல்லியாயிற்று. மங்கை போய் இன்றோடு ஒரு வருஷம். கல்யாணமாகாமல் போன பெண்பிள்ளை வீட்டுக்குக் கன்னித் தெய்வமாகி நிற்பாளாம், வருஷா வருஷம் புதுத்துணி வைத்து, பிடித்ததைச் செய்து படைக்க வேண்டுமாம். இவர்கள் வீட்டு வழக்கம். கூடத்தில் ஓலைப்பெட்டியில் பட்டுப்பாவாடை, கண்ணாடி வளையல், ரிப்பன், சாந்துப்பொட்டு எல்லாம் எடுத்து வைத்திருக்கிறார் மதினி. இருபத்தாறு வயதுப் பிள்ளைக்குப் பாவாடை. ஜீன்ஸ் போட்டுக்கொண்டு மேனேஜரோடு இங்கிலீஷில் சண்டை போடுகிறவள். பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள். நேற்று வந்து இறங்கியதும் மதினி எனக்குச் சொன்ன முதல் பேச்சு, "கன்னிக்குச் செய்யுததை வாயில வச்சுப் பாத்துராத வடிவு. மோந்துகூடப் பாக்கப்படாது. எச்சிப்பட்டா ஏத்துக்க மாட்டா." நான் பெற்று, எச்சில் பண்ணி ஊட்டி, அவள் எச்சிலைத் தின்று வளர்த்தவளை, இன்றைக்கு எச்சில் படாமல் கும்பிடச் சொல்கிறார்கள். சரி மதினி என்றேன். வேறென்ன சொல்ல.

வெண்ணெயையும் சாக்லேட்டையும் சேர்த்து உருக்க வேண்டும். நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது, கொதிக்கிற தண்ணீர்மேல் கிண்ணத்தை வைத்து உருக்கணும், அவசரப்படாதே என்று எழுதி அடியில் கோடு போட்டிருக்கிறாள். யாரை அவசரப்படாதே என்கிறாள்? தனக்குத்தானே எழுதிக்கொண்டதா? சாக்லேட் கட்டி ஓரத்திலிருந்து இளகுகிறது. இதெல்லாம் இவர் சொன்ன ஒரு சொல்லால் வந்தது. சர்க்கரைப் பொங்கலோ பாயசமோ வைத்துக் கும்பிட்டு முடித்திருக்கலாம். போன மாதம் மதினி வந்து, பிள்ளைக்குப் பிடித்தது என்ன என்று கேட்டபோது இவர்தான் வாயைத் திறந்தார். "அவ கடைசியா செஞ்சு அனுப்புனது அந்த வாழைப்பழப் பிரவுனிதானக்கா. வடிவு என்னமா ருசிச்சுத் தின்னா தெரியுமா. எனக்குச் சர்க்கரைன்னு சொல்லி ஒரு துண்டு கண்ணுல காட்டலையே." வருஷம் முழுக்கப் பேசாத மனுஷன், அன்றைக்கு அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம். மதினிக்குக் கேட்க வேண்டுமா. "அப்ப அதையே வச்சிருவோம்ளா. ருசி தெரிஞ்சவ நீ ஒருத்திதான், நீயே உன் கையால செஞ்சிரு" என்று முடித்துவிட்டார். ருசி தெரிந்தவள். நான் அந்தப் பிரவுனியை வாயில் வைக்கவே இல்லை. ஒரு பொட்டு கூட. இது இவருக்குத் தெரியாது, மதினிக்குத் தெரியாது, மங்கைக்கும் தெரியாது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், நினைக்க நினைக்க அதுதான் நிலைக்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் கூரியர்காரன் வந்து கொடுத்தான். இவர் ஆபீஸ் வேலையாக மதுரைக்குப் போயிருந்தார். பிரித்தேன். நீல மூடி போட்ட டப்பா, உள்ளே கறுப்பாகத் துண்டு துண்டாக, மேலே ஏதோ பூசி. பார்த்தவுடனே மனதில் பட்டது, முட்டை. முட்டை இல்லாமல் இந்த மாதிரிப் பண்டம் வருமா? அதற்கு முந்தின தீபாவளிக்கு அவள் வாங்கி வைத்த ஓவனையே, இதில் முட்டை போட்டுத்தானே செய்வாய் என்று சொல்லி, மேலே அப்பள டின்னை அடுக்கி வைத்தவள் நான். டப்பாவை மூடி, வாசலோடு கொண்டுபோய், பாத்திரம் தேய்க்க வந்த முப்பிடாதி கையில் கொடுத்தேன். பிள்ளைகளுக்குக் கொடு என்றேன். திரும்பி வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். சோப்புப் போட்டு. மறுநாள் இவர் வந்து டப்பா எங்கே என்றபோது, அவ்வளவு ருசி, தீர்ந்துபோயிற்று, உங்களுக்குத்தான் சர்க்கரை இருக்கிறதே என்றேன். சாக்லேட் முழுக்க உருகிவிட்டது, இன்னும் கிண்டிக்கொண்டே நிற்கிறேன்.

மைதா, கோக்கோப் பொடி, சர்க்கரை, ஒரு சிட்டிகை சோடா உப்பு. சலிக்கணும். சல்லடையைத் தட்டத் தட்ட கோக்கோ பறந்து மூக்கில் ஏறுகிறது, மோந்து பார்க்கக் கூடாது என்றால் மூச்சை எங்கே விட? அந்த வெள்ளிக்கிழமை அவள் போன் பண்ணியபோதும் நான் ஏதோ சலித்துக்கொண்டுதான் இருந்தேன், அரிசி மாவு, முறுக்குக்கு. ஸ்பீக்கரில் போட்டு அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்திருந்தேன். "அம்மா, வந்துச்சா? எப்படி இருந்துச்சு?" நல்லாருந்துச்சு என்றேன். சல்லடையை நிறுத்தாமல் சொன்னேன். பிறகு கேட்டாள், "நெசமாவா? ஒரு குறையும் இல்லையா?" ஒரு குறையும் இல்லட்டி என்றேன். "சரிம்மா" என்றாள். இந்தச் சரிம்மாவைத்தான் ஒரு வருஷமாக வைத்துக்கொண்டு புரட்டுகிறேன். ஏனென்றால் நான் குறை சொல்லாமல் எதையும் தின்றவள் இல்லை. அது ஊரறிந்தது. அவள் முதன்முதலில் போட்ட காப்பிக்கு, டிகாஷன் தண்ணி. முதல் ரசத்துக்கு, புளி காட்டம். முதல் சம்பளத்தில் எடுத்து வந்த சேலைக்கு, நிறம் நல்லாத்தான் இருக்கு, முந்தி இன்னும் கொஞ்சம் பெரிசாக இருந்திருக்கலாம். கடைசியில் ஒரு வார்த்தை தவறாமல் சேர்ப்பேன், அடுத்த தடவை பார்த்துச் செய்ட்டி. அவளும் கூடவே சேர்ந்து, என் குரலிலேயே, அடுத்த தடவை பாத்துச் செய்ட்டி என்று பாடுவாள். குறை சொல்லிவிட்டுக் கிண்ணத்தை வழித்துத் தின்பேன், அதுவும் அவளுக்குத் தெரியும். அம்மா குறை சொன்னா தின்னுட்டான்னு அர்த்தம் என்று ஒருநாள் இவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்டவள், ஒரு குறையும் இல்லை என்று நான் சொன்னதைக் கேட்டு, சரிம்மா என்றால், அது என்ன சரி? தெரிந்துதான் சொன்னாளா? தெரிந்து, போகட்டும் என்று விட்டாளா? இல்லை, பக்கத்தில் யாரோ கூப்பிட்டு, அந்த அவசரத்தில் வந்த வெறும் சரியா? ஞாயிற்றுக்கிழமை லேசாகக் காய்ச்சல் என்றாள். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று கூட இருந்த பெண் போன் பண்ணினாள். டெங்கு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கண்ணைத் திறந்து பார்த்தாள், பேசவில்லை. வியாழக்கிழமை போய்விட்டாள். அப்படியானால் என்னிடம் அவள் கேட்ட கடைசிக் கேள்வி, காய்ச்சலைப் பற்றிய நாலு வார்த்தையை விட்டால், ஒரு குறையும் இல்லையா என்பதுதான். அதற்கு நான் பொய் சொன்னேன். பெற்ற பிள்ளையிடம் பொய் சொன்னேன்.

மாவையும் பழத்தையும் சாக்லேட்டையும் ஒன்றாகக் கிளறி, சதுரத் தட்டில் வெண்ணெய் தடவி ஊற்றி, ஓவனுக்குள் தள்ளியாயிற்று. நூற்றெண்பது டிகிரி, முப்பத்தைந்து நிமிஷம். ஓவன் கதவில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளை நேற்றுத்தான் உரித்தேன். உள்ளே சின்ன விளக்கு மஞ்சளாக எரிகிறது. முக்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டேன். போனில் அந்தக் குறிப்பு இருக்கிறது, மங்கை கூட அறையில் இருந்த ஷெரின், நாகர்கோவில் பெண், போன வாரம் நான் கேட்டு அனுப்பினாள். மங்கையின் நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ், ய எழுத்தை எப்போதும் போலக் கோணலாக. மூன்றாவது வரியில் முட்டை இரண்டு என்று எழுதி, அதை அடித்து, பக்கத்தில் அம்மா என்று எழுதியிருக்கிறாள். அம்மா. வேறொன்றும் இல்லை. அதற்குக் கீழேதான் வாழைப்பழம் மூன்று. ஷெரினுக்குப் போன் பண்ணி, இது என்னம்மா என்று கேட்டேன். "உங்களுக்காகத்தான் ஆன்ட்டி. முட்டைக்குப் பதிலா பழம் போட்டா வரும்னு எங்கேயோ படிச்சா. மூணு ஞாயித்துக்கிழமை செஞ்சு பாத்தா. மொத தடவை கல்லு மாதிரி, ரெண்டாவது களி மாதிரி. நாங்கதான் தின்னு தீர்த்தோம். நாலாவதுதான் உங்களுக்கு அனுப்புனது. எங்கம்மா கண்டிப்பா ஒரு குறை சொல்லும், என்ன குறைன்னு பாப்போம்னு பந்தயம் வச்சிருந்தோம் ஆன்ட்டி." யார் ஜெயித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டு அழுதேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை. என் ஒரு நாக்குக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமை. அதை நான் வாசலோடு கொடுத்துவிட்டுக் கையைக் கழுவினேன். கன்னிக்குக் குறை வைத்தால் கனவில் வந்து கேட்பாள் என்கிறார் மதினி. அவர் கனவில் இரண்டு தடவை வந்தாளாம், ஒரு தடவை பூக் கேட்டாளாம். இவர் கனவிலும் வருகிறாள், பைக் சாவியைத் தேடுகிறாளாம். என் கனவில் ஒரு நாள்கூட வரவில்லை. ஒரு குறையும் இல்லை என்று சொன்னவளிடம் எதற்கு வந்து கேட்கப் போகிறாள்.

வாசனை வந்துவிட்டது. பழமும் சாக்லேட்டும் சேர்ந்து வெந்து, அடுக்களை தாண்டிக் கூடத்துக்கே போயிருக்கும். இதுதானா அந்த வாசனை? அன்றைக்கு டப்பாவைத் திறந்தபோது என்ன வாசனை வந்தது? முட்டை என்று நினைத்ததும் மூச்சை அடக்கிக்கொண்டுவிட்டேனே. ருசி தெரிந்தவள் இந்த ஊரில் ஒருத்திதான் உண்டு, அவள் பின்வாசலில் உட்கார்ந்து சாம்பார்ச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு வருஷமாக அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் உண்மை அவள் வாயாலேயே வெளியே வந்துவிடும் என்று பயம். இன்றைக்கு முக்காலியை விட்டு எழுந்து போய் நிலைப்படியில் நின்றேன். கூடத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, "முப்பிடாதி, போன வருஷம் ஒரு டப்பா குடுத்தேனே, நீல மூடி, மங்கை அனுப்புனது. அது எப்படி இருந்துச்சு?" என்றேன். அவள் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "யக்கா, அது பாப்பா அனுப்புனதா? நீங்க சொல்லவே இல்லையே. கடையில வாங்குனதுன்னுல்லா நெனச்சேன்." நான் சொல்லவில்லை, ஆமாம், சொல்லவில்லை. "எப்படி இருந்துச்சு, சொல்லு." அவள் சாம்பல் கையைத் திருப்பிப் புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "நல்லா இருந்துச்சுக்கா. பஞ்சு கணக்கா இல்ல, நடுவுல கொஞ்சம் ஈரமா, பிசுபிசுன்னு. மேல பூசுனது வெயில்ல வந்ததால வழிஞ்சு மூடியிலெல்லாம் ஒட்டிக்கிட்டு. எம் மக ரெண்டு பேரும் மூடிக்கு அடிச்சுக்கிட்டாளுவ. நான் ஒரு துண்டுதான் தின்னேன். இனிப்பு அம்புட்டு இனிப்பு." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யக்கா, நீங்க திங்கவே இல்லையா?" என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது. "பாப்பா செஞ்சதுன்னு தெரிஞ்சிருந்தா நான் ஒண்ணையாவது எடுத்து வச்சிருப்பேனே" என்றாள். எவ்வளவு பெரிய மனசு, எனக்கு இல்லாத மனசு. உள்ளே ஓவன் மணி அடித்தது.

தட்டை வெளியே எடுத்தேன். மேலே லேசாக வெடித்திருக்கிறது, குச்சியால் குத்திப் பார்த்தால் ஈரமாக ஒட்டுகிறது. ஈரம்தான் சரி, முப்பிடாதி சொன்ன ஈரம். மணி ஒன்பதே முக்கால். இனி மேலே பூசுகிறது. வெண்ணெயை நுரைக்க அடித்து, மிக்ஸியில் பொடித்த சர்க்கரையும் கோக்கோவும் போட்டு, ஒரு கரண்டி பால் விட்டு மறுபடி அடிக்கணும், பிரவுனி நன்றாக ஆறின பிறகுதான் பூசணும். ஆறின பிறகு, இதற்கும் கோடு. கை வலிக்க வலிக்க அடிக்கிறேன். கட்டியாகிறது. கோக்கோவும் சர்க்கரையும் கிண்ணத்தின் ஓரத்தில் பூசிக்கொண்டு நிற்கிறது. விரல் தானாக ஓரத்துக்குப் போய்விட்டது, முப்பது வருஷப் பழக்கம், எதைக் கிளறினாலும் விரலால் வழித்து நாக்கில் வைப்பது. சட்டென்று இழுத்துக்கொண்டேன். ருசி பார்க்காமல் நான் ஒரு நாளும் எதையும் இறக்கியதில்லை. தெரியாத ருசியைப் பார்க்கவும் கூடாமல் செய்து, இதுதான் என் மகள் செய்தது என்று அவள் போட்டோவுக்கு முன்னால் வைக்கப் போகிறேன். பொய்க்கு மேல் பூச்சு. கூடத்திலிருந்து மதினி, "ஏளா, மணி பத்தாகப் போகுது. இலை போட்டாச்சு, வெளக்கு ஏத்தியாச்சு. ஆறுனாலும் ஆறாட்டாலும் கொண்டா" என்கிறார். ஆறவில்லை. தட்டின் அடியைத் தொட்டால் சுடுகிறது. விசிறியால் வீசினேன், மின்விசிறிக்கு அடியில் காட்டினேன், எவ்வளவு நேரம் காட்ட. பூசினேன். பூசப் பூச இளகுகிறது, ஓரத்துக்கு ஓடுகிறது, துண்டு போட்டதும் வெட்டின இடுக்கெல்லாம் இறங்கி வழிகிறது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. ஒரு விஷயம்கூட அவளுக்குச் சரியாகச் செய்யத் துப்பில்லை. பிறகுதான் உறைத்தது, அன்றைக்கும் இது வழிந்துதானே இங்கே வந்து சேர்ந்தது. இப்படித்தான் இருந்திருக்கும். அன்றைக்கு நான் மூடியதும் இதைத்தான்.

இவர் வந்து அடுக்களை வாசலில் நின்றார். குளித்துத் திருநீறு பூசி, மேல்துண்டு மட்டும். இந்த ஒரு வருஷத்தில் தோள் எலும்பு தெரிகிறது. சாமியே கும்பிடாத மனுஷன், மதினி கன்னி என்று சொன்னதும் பிடித்துக்கொண்டார், எங்கேயும் போகல வடிவு, நம்ம வீட்டுலதான் நிக்கா என்று ஒருநாள் என் கையைப் பிடித்துச் சொன்னார். தட்டை எட்டிப் பார்த்தார். அந்த வெளிச்சம் மறுபடி முகத்தில். "அவ செஞ்ச மாதிரியே வந்துருக்கா?" என்று கேட்டார். ஆமா என்று சொன்னால் போதும். ஒரு சொல். அவர் சந்தோஷமாகத் தட்டை வாங்கிக்கொண்டு போவார், ராகு காலத்துக்கு முன்னால் எல்லாம் முடியும், அடுத்த வருஷமும் இதையே செய்வேன், அதற்கடுத்த வருஷமும், சாகும்வரை ருசி தெரிந்தவளாக இருப்பேன். "தெரியாதுங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. "நான் அதைத் திங்கவே இல்ல. முட்டை போட்டுருப்பான்னு நெனச்சு முப்பிடாதிட்ட குடுத்துட்டேன். மங்கை கேட்டப்ப நல்லாருந்துச்சுன்னு பொய் சொன்னேன்." அவர் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார். "பொறவு எதுக்கு வடிவு ஒரு வருஷமா எங்கிட்ட சொல்லல?" என்றார். முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது, நான்தான் அணைத்தேன். அப்போது என் கை தட்டுக்குப் போனது. ஓரத்துத் துண்டு ஒன்றை எடுத்தேன், சூடாக, பிசுபிசுவென்று, மேல் பூச்சு மணிக்கட்டுவரை வழிந்தது. வாயில் வைத்தேன். மதினி பின்னால் வந்து நின்று, "ஏளா! என்ன காரியம் பண்ணுத! எச்சிப் பண்ணிட்டியே, இனி எப்படி வைக்க?" என்று அலறினார். "அக்கா, இருக்கட்டும்" என்றார் இவர். பழம் முதலில் வந்தது, பிறகு சாக்லேட்டின் கசப்பு, பிறகு மேல் பூச்சின் சர்க்கரை வந்து எல்லாவற்றையும் மூடியது. முட்டை வாடை இல்லை. எங்கேயும் இல்லை. விழுங்கினேன், மீதியையும் வாயில் போட்டு விழுங்கினேன். கூடத்தில் அவள் போட்டோ இருந்தது, ஆனால் நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை, அரிசி டப்பாவைப் பார்த்தேன், அன்றைக்கு அதன்மேல்தான் போனைச் சாய்த்து வைத்திருந்தேன்.

"இனிப்பு கூடிப்போச்சு மங்கை" என்றேன். "ஒரு கல்லு உப்புப் போட்டுருக்கணும். பழ வாடையும் கொஞ்சம் தூக்கலா இருக்கு. அடுத்த தடவை பாத்துச் செய்ட்டி."